பொது ஆய்வுகூடமும் கண்ணாராய்ச்சியும்



யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளை வாசித்தவர்கள் ஒரு செய்தியைக் கவனித்திருப்பார்கள். காணியின் நான்கு எல்லைகளையும் சொல்லி முடித்த பின்னர், கிணற்றிலே இத்தனை பங்கு, வழி வாய்க்காலிலே இத்தனை பங்கு என்று அவற்றில் எழுதப்பட்டிருக்கும். ஒரு தோட்டக்காரர் தனியே கிணறு வெட்டிக் கட்டுவதற்குப் பொருள் வசதி இல்லாத காலத்தில், நால்வர் ஐவர் கூடி ஒரு கிணற்றை வெட்டினார்கள். இன்று இவர் முறை, நாளை அவர் முறை என்று இறைப்பு முறை வகுத்துக்கொண்டார்கள். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், தண்ணீர் மாற ஒருவர் என்று வேலையையும் பகிர்ந்துகொண்டார்கள். கோடையிலே எல்லாருங் கூடிக் கிணற்றை இறைத்துச் சேறு வாரினார்கள். இவ்வொழுங்கு சரியாக நடந்த இடத்தில் பயிர் விளைந்தது. பிழைத்த இடத்தில் வழக்கு விளைந்தது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கிணறு அன்று. கண்ணைப் பற்றிய ஆராய்ச்சி. பல்கலைக்கழகங்களிலே கண்ணையும் பார்வையையும் ஆராய்பவர்கள், தத்தமக்குத் தனித்தனியாக வாங்க இயலாத கருவிகளையும், தனித்தனியாக அமர்த்த இயலாத கைவினைஞரையும் பொதுவில் வைத்துப் பயன்படுத்துகின்ற முறையைப் பற்றியே சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். நான் கலைப்பட்டதாரி, விஞ்ஞானி அல்லேன். எனினும் பொதுச் சொத்தொன்றை எவ்வாறு பேணுவது என்னும் கேள்வி விஞ்ஞானிக்கு மாத்திரம் உரியதன்று. அந்தக் கேள்வியோடு பல்லாண்டு போராடியவன் என்ற உரிமையினாலேயே இங்கு பேசத் துணிந்தேன்.

முதலிலே, கண்ணை ஆராய்வதற்கு ஏன் இத்துணைக் கருவிகள் வேண்டும் என்பதைப் பார்ப்போம். மனிதக் கண் ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு உருண்டை. அதன் உட்புறத்தே படர்ந்திருக்கும் விழித்திரையின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரின் காற்பங்கு அளவே. அந்த மெல்லிய திரைக்குள்ளே மங்கலொளியில் தொழிற்படும் கோல்கள் சுமார் 12 கோடியும், பகலொளியையும் நிறத்தையும் உணரும் கூம்புகள் சுமார் 60 இலட்சமும் அடங்கியிருக்கின்றன. அவை பெற்ற செய்தியை மூளைக்கு எடுத்துச் செல்லும் பார்வை நரம்பிலே உள்ள நார்களோ ஏறக்குறைய 10 இலட்சந்தான். இத்துணை கோடிக் கலங்கள் பெற்ற செய்தி, இத்துணை குறைந்த நார்களின் வழியே செல்ல வேண்டுமாயின், விழித்திரையே அதனைச் சுருக்கித் தெரிந்தெடுத்து அனுப்புகின்றது என்பது தெளிவு. ஆகவே கண்ணை வெறும் புகைப்படப் பெட்டி என்று கருதுவது போதாது. அது மூளையின் முன்வாசல் என்று கொள்வதே பொருந்தும்.

இந்த முன்வாசலை அறிய முயல்பவனுக்கு ஒளியியல் வேண்டும், இரசாயனம் வேண்டும், மின்னியல் வேண்டும், சத்திரசிகிச்சை வல்லார் வேண்டும், கணக்கறிந்தார் வேண்டும். இவையனைத்தையும் ஒருவர் கற்றுத் தேர்வது அரிது. இவற்றுக்கு வேண்டிய கருவிகளையெல்லாம் ஒருவர் தம் அறையில் நிறைத்து வைப்பது அதனினும் அரிது.

இதற்கு ஒரு வரலாற்றைச் சான்றாகக் கூறலாம். அமெரிக்காவிலே பால்ரிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்மர் கண் நிலையம் இருக்கின்றது. அங்கே ஸ்ரீபன் குப்லர் என்னும் அறிஞர் பூனையின் விழித்திரையை ஆராய்ந்து, 1953இல் ஓர் உண்மையை வெளியிட்டார். பார்வை நரம்புக்குச் செய்தி தரும் ஒவ்வொரு கலமும் விழித்திரையின் ஒரு சிறு வட்டத்தைக் கவனிக்கின்றது. அவ்வட்டத்தின் நடுவே ஒளி பட்டால் ஒரு விதமாகவும், அதனைச் சூழ்ந்த பகுதியில் ஒளி பட்டால் அதற்கு மாறாகவும் அது நடந்துகொள்கின்றது என்பதே அவ்வுண்மை. இந்த ஆராய்ச்சிக்கென்று ஒரு தனிக்கருவியை அவரும் தால்பட் என்னும் அறிஞரும் அமைத்திருந்தார்கள். விழித்திரையைக் கண்ணாற் பார்த்துக்கொண்டே, வேண்டிய இடத்தில் சிறு ஒளிப்பொட்டை வீழ்த்த உதவும் கருவி அது.

1958ஆம் ஆண்டில் குப்லரின் ஆய்வுகூடத்திலே டேவிட் ஹூபல், தோர்ஸ்ரன் வீசல் என்னும் இளைஞர் இருவர் சேர்ந்து வேலை தொடங்கினர். ஹூபல் அதற்கு முன்னர் வாஷிங்ரனிலே இராணுவ ஆய்வு நிலையமொன்றில் இருந்தபோது, தங்குதன் கம்பியை மின்முறையாற் கூராக்கி, ஒரே ஒரு நரம்புக்கலத்தின் மின்துடிப்பைப் பதியவல்ல மின்வாயைச் செய்திருந்தார். அம்மின்வாயை மூளைக்குள்ளே மிக மெல்லச் செலுத்தும் பொறியையும் ஆக்கியிருந்தார். அவர் மருத்துவம் படித்தவர். ஆயினும் இந்த வேலைக்காகக் கடைசல் இயந்திரத்தின் முன்னே நின்று உலோகம் கடையவும் பழகிக்கொண்டார். பட்டறை அருகில் இல்லாதிருந்தால் அந்த மின்வாய் அவர் கற்பனையிலேயே நின்றிருக்கும்.

இருவரும் மயக்கமூட்டப்பட்ட பூனையின் மூளையிலே, பார்வைக்குரிய பகுதியில் ஒரு கலத்தைத் தேடிப் பிடித்தனர். குப்லரின் கருவியிலே கண்ணாடித் தகடுகளைச் செருகி, கரும்புள்ளியும் ஒளிப்பொட்டும் காட்டிப் பார்த்தனர். நெடுநேரம் அக்கலம் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை. திடீரென, தகட்டை உள்ளே தள்ளும் வேளையில் அது படபடவென்று துடித்தது. ஆராய்ந்து பார்த்தபோது, துடிப்புக்குக் காரணம் கரும்புள்ளி அன்று. கண்ணாடித் தகட்டின் விளிம்பு விழித்திரையில் வீழ்த்திய மெல்லிய நிழற்கோடு என்று தெரிந்தது. அந்தக் கோடு ஒரு குறித்த சாய்வில் இருந்தாலன்றி அக்கலம் விடையளிக்கவில்லை. மூளை உருவங்களைக் கோடுகளாகவும் விளிம்புகளாகவும் பகுத்து அறியத் தொடங்குகின்றது என்ற பெரிய உண்மை, இவ்வாறு ஒரு பொதுக் கருவியின் தகட்டு விளிம்பிலே வெளிப்பட்டது.

1959இல் இக்கண்டுபிடிப்பைக் கூறி வெளிவந்த கட்டுரையில் ஹூபல், வீசல் இருவர் பெயர் மாத்திரமே இருந்தது. ஆய்வுகூடம் குப்லருடையது, கருவி குப்லருடையது, அடிப்படை முறையும் அவருடையதே. ஆயினும் அவர் பெயர் அங்கில்லை. 1981இல் ஹூபலும் வீசலும் நோபல் பரிசின் பாதியைப் பெற்றபோது குப்லர் உயிரோடு இல்லை. அவர் முந்திய ஆண்டிலே காலமாகியிருந்தார். தம் கருவியைப் பூட்டி வைத்திருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நாம் அறியோம். திறந்து வைத்ததனால் உலகுக்குக் கிடைத்ததை அறிவோம்.

அது பரிசோடு முடியவில்லை. இவ்விருவரும் 1963இல் வெளியிட்ட ஆராய்ச்சிகள் மற்றோர் உண்மையைக் காட்டின. பிறந்து சில வாரங்களுக்குள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடி வைத்து, பின்னர் திறந்தால், கண் நன்றாயிருந்தும் மூளை அக்கண்ணின் செய்தியை ஏற்க மறுத்துவிடுகின்றது. வளர்ந்த பூனைக்கு அவ்வாறு நேர்வதில்லை. அஃதாவது, பார்வை பழகுவதற்கென்று இளமையிலே ஒரு பருவம் உண்டு. அப்பருவம் தப்பினால் மீட்பது கடினம். பிறவியிலேயே கண்புரை உள்ள குழந்தைக்குக் காலந்தாழ்த்தாது சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றும், மாறுகண்ணும் மந்தக்கண்ணும் உள்ள பிள்ளைகளைச் சிறு வயதிலேயே வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்றும் இன்று வற்புறுத்துவதற்கு இவ்வாராய்ச்சிகள் உறுதியான அடிப்படை தந்தன. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக் காத்திருக்கும் பெற்றோரை நான் கண்டிருக்கின்றேன். அவர்களுக்கு நான் சொல்லும் விடையும் இவ்வாராய்ச்சியிலிருந்து பெற்றதே.

குப்லர் போன்ற பெருந்தன்மையாளர் எல்லா இடத்திலும் வாய்ப்பதில்லை. ஒருவருடைய நற்குணத்தை நம்பி ஒரு நாட்டின் ஆராய்ச்சியை நடத்த முடியாது. நற்குணம் செய்த வேலையை ஒழுங்கும் விதியும் செய்யத்தக்க ஏற்பாடு வேண்டும். அத்தகைய ஏற்பாடொன்று அமெரிக்காவிலே பின்னர் உண்டாயிற்று.

1968ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அந்நாட்டின் தேசிய கண் நிலையம் சட்டத்தினால் நிறுவப்பட்டது. அதற்கு முன்னர் கண்ணாராய்ச்சிக்குரிய அரசாங்கப் பணம், நரம்பு நோய்களையும் குருட்டுத்தன்மையையும் ஒருங்கே கவனித்த மற்றொரு நிலையத்தின் வழியே வழங்கப்பட்டு வந்தது. புதிய நிலையம் தனித்தனி ஆராய்ச்சியாளருக்கு மானியம் வழங்கியதோடு, பல்கலைக்கழகங்களுக்கு மற்றொரு வகை மானியத்தையும் வழங்கி வந்துள்ளது. அதனை நாம் மைய மானியம் எனலாம். இம்மானியத்தின் சிறப்பு யாதெனில், அது எந்த ஓர் ஆராய்ச்சிக்கும் நேரே பணம் தருவதில்லை. ஏற்கெனவே தத்தம் ஆராய்ச்சிக்கு மானியம் பெற்ற பலர் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தால், அவர்கள் எல்லாரும் பயன்படுத்தத்தக்க பொதுக் கருவிகளுக்கும், அவற்றை இயக்கும் தொழில்நுட்பவியலாளரின் சம்பளத்துக்குமே அப்பணம் செல்கின்றது. நம் ஊர்ப் பேச்சிலே சொன்னால், தோட்டத்துக்குக் கொடுக்கும் பணம் வேறு. கிணற்றுக்குக் கொடுக்கும் பணம் வேறு.

இவ்வாறு அமைந்த பொது ஆய்வுகூடம் ஒன்றினுள்ளே நாம் ஒருமுறை நடந்து வருவோம்.

முதல் அறை பட்டறை. கடைசல் இயந்திரம், துளையிடும் பொறி, மின்சுற்றுப் பொருத்தும் மேசை ஆகியன அங்கே இருக்கும். குழந்தையின் தலையை அசையாமல் தாங்குவதற்கு ஒரு தாங்கி வேண்டுமா? ஒளியை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மாத்திரம் வீழ்த்த ஒரு மூடி வேண்டுமா? இவை கடையில் விற்பன அல்ல. ஆராய்ச்சியாளர் ஒரு தாளிலே வரைந்து கொடுக்கின்றார். பட்டறைக்காரர் அதைப் பார்த்து, இப்படிச் செய்தால் முறியும், இவ்வாறு மாற்றினால் நிலைக்கும் என்று சொல்லித் திருத்துகின்றார். ஆராய்ச்சியின் பாதிச் சிந்தனை அந்த மேசையருகே நடக்கின்றது.

இரண்டாம் அறையிலே கண்ணின் இழையங்கள் ஆராய்வதற்கு ஏற்றவாறு பக்குவப்படுத்தப்படுகின்றன. இழையத்தைப் பதப்படுத்தி, மெழுகிலே பதித்து, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடிப்புள்ள சீவல்களாக வெட்டி, சாயமூட்டிக் கண்ணாடியில் ஏற்றுகின்றார்கள். மடிப்பு விழாமல், கிழியாமல் ஒரு விழித்திரையைச் சீவ வல்ல கை ஒரு நாளில் வாய்ப்பதன்று. ஆண்டுகள் பழகிய கை அது. புதிதாக வந்த மாணவன் ஒருவன் தானே முயன்றால் மாதக்கணக்கில் கெடுக்கத்தக்க இழையத்தை, அந்தக் கை ஒரு காலைப் பொழுதில் முடித்துத் தருகின்றது.

மூன்றாம் அறையிலே நுணுக்குக்காட்டிகள். ஒளியினால் ஒளிரும் சாயங்களைக் கொண்டு, ஒரு கலத்தின் உட்பகுதியைப் படலம் படலமாகக் காட்டும் விலையுயர்ந்த கருவிகள் இவை. நான்காம் அறையிலே கருவி அதிகம் இல்லை. கணனிகளும் ஒரு புள்ளிவிபரவியலாளரும் இருப்பர். எத்தனை நோயாளரைப் பார்த்தால் முடிவு நம்பத்தக்கது, எந்த வேறுபாடு தற்செயலானது, எது உண்மையானது என்று ஆராய்ச்சி தொடங்குமுன்னே சொல்ல வேண்டியவர் அவர். அவரிடம் முடிவிலே வருபவர்களே பெரும்பாலும் வருந்துவார்கள்.

இவ்விடத்திலே கருவியல்லாத ஒரு பொருளையும் குறிப்பிட வேண்டும். இறந்தவர் தானமாக அளித்த கண்களே அவை. பிறருக்குப் பொருத்துவதற்குத் தகாத கண்களும் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுகின்றன. கண்தானம் என்னும் பேச்சு எழுந்தால் இலங்கையர் தலைநிமிர்ந்து நிற்கலாம். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடக்கிய இலங்கைக் கண்தானச் சங்கம், 1964இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. அதன் பின்னர் பல நாடுகளில் பார்வையிழந்தோர்க்கு இத்தீவின் மக்களுடைய விழிவெண்படலம் பொருத்தப்பட்டிருக்கின்றது. அவை சிகிச்சைக்காகச் சென்றவை, ஆராய்ச்சிக்காக அல்ல. எனினும், தனக்குரிய கண்ணையே பொதுவுக்கு வைத்த மக்களுக்கு, கருவியைப் பொதுவில் வைக்கும் எண்ணம் புதியதாகத் தோன்றாது என்று நம்புகின்றேன்.

அடுத்து, பல துறையினர் ஒரே கூரையின் கீழ் இருப்பதனால் விளைந்த பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்ரர் நகரம் கொடாக் புகைப்படத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள பல்கலைக்கழகத்திலே 1929இல் ஒளியியல் நிலையமும், 1963இல் பார்வை விஞ்ஞான நிலையமும் தோன்றின. வில்லைகளை ஆராய்பவர்களும், மனிதர் எவ்வாறு பார்க்கின்றனர் என்று ஆராய்பவர்களும் ஒருவரையொருவர் நாள்தோறும் காணக்கூடிய இடம் அது. டேவிட் வில்லியம்ஸ் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் அங்கே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டனர். உயிருள்ள மனிதனின் கண்ணிலே தனித்தனிக் கூம்புக்கலங்களைக் காண முடியாதா என்பதே அது.

தடையாக நின்றது கண்ணே. நம் விழிவெண்படலமும் வில்லையும் முற்றும் குறையற்றவை அல்ல. அவற்றின் வழியாக உள்ளே நோக்கினால் விழித்திரை மங்கலாகத் தெரியும். இதையொத்த இடர் வானியலாருக்கும் இருந்தது. அசையும் வளிமண்டலம் நட்சத்திரங்களின் உருவைக் கலைத்தது. அதற்கு அவர்கள், ஒளி எவ்வளவு கோணிற்று என்று அளந்து, அதற்கேற்ப வளையும் கண்ணாடியினால் அக்கோணலை நேராக்கும் வழியைக் கண்டிருந்தனர். ரொச்செஸ்ரர் குழுவினர் அதே வழியைக் கண்ணுக்குக் கொண்டுவந்தனர். பின்புறத்தே 37 சிறு உந்திகள் கொண்டு உருமாறவல்ல ஆடியை அமைத்து, 1997இல் தம் வெற்றியை வெளியிட்டனர். 1999இல் இரண்டு மனிதரின் கண்களிலே மூவகைக் கூம்புகளும் எங்கெங்கே இருக்கின்றன என்று படமே வரைந்து காட்டினர். ஒருவர் கண்ணில் நீண்ட அலையை உணரும் கூம்புகளும் நடு அலையை உணரும் கூம்புகளும் ஏறத்தாழச் சமம். மற்றவர் கண்ணில் முன்னவை பின்னவற்றினும் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆயினும் இருவரும் நிறங்களைப் பிழையின்றிக் கண்டனர். நிறம் என்பது கண்ணில் உள்ள கலங்களின் தொகையால் மாத்திரம் அமைவதன்று என்ற உண்மை இதனால் விளங்கிற்று.

இத்தகைய கருவியை அந்நாளில் எவரும் விலைக்கு வாங்க இயலாது. மேசைமீது ஆடியும் வில்லையும் ஒவ்வொன்றாகப் பொருத்திக் கட்ட வேண்டியிருந்தது. வானியலின் செய்தி கண்ணாராய்ச்சியாளர் காதில் விழுவதற்கும், விழுந்த செய்தி கருவியாக உருப்பெறுவதற்கும் தகுந்த இடம் அங்கிருந்தது.

இதுவரை நன்மையையே கூறினேன். இனி இடர்ப்பாடுகளையும் கூறுவது நேர்மை.

பொது நிதியை எதிர்ப்பவர்கள் அறிவிலிகள் அல்லர். ஒரு கெட்டிக்காரருக்கு முழுப் பணத்தையும் கொடுத்தால் அவர் பெரிய காரியம் செய்வார். அதைப் பத்துப் பேருக்குரிய இயந்திரத்துக்குக் கொடுத்தால் ஒருவருக்கும் நிறைவு உண்டாகாது என்பது அவர்கள் வாதம். சில வேளைகளில் இது மெய்யே. ஒருவருக்கு மாத்திரம் வேண்டிய கருவியைப் பொதுவென்று பெயரிட்டு வாங்கி, மற்றவர் தொடாமல் கிடப்பதும் உண்டு. முறை வகுப்பதிலும் மனத்தாங்கல் எழும். பெரிய பேராசிரியர் வந்தால் இளையவரின் முறை பின்தள்ளப்படும். கிணற்றடியிலே வலியவன் முதலில் இறைப்பது போன்ற கதைதான்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. இம்மானியங்கள் சில ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டு, மீண்டும் போட்டியிட்டுப் பெற வேண்டியவை. ஒரு தடவை கிடைக்காது போனால் இயந்திரம் அறையிலே இருக்கும். அதனை இயக்கியவர் போய்விடுவார். கருவியைப் பற்றிய கையறிவு புத்தகத்தில் எழுதப்படுவதில்லை. அது மனிதரோடு வந்து மனிதரோடு போவது. மெழுகைச் சீவிய அந்தக் கையை இழந்த அறை, பெயருக்கு அறையாக நிற்குமேயன்றி வேலைக்கு உதவாது. கட்டுரைகளில் அக்கைக்காரரின் பெயர் இடம்பெறுவதும் அரிதே. கடைசியில் ஒரு வரி நன்றியோடு முடிந்துவிடும். பட்டம் பெற்றவரின் நேரத்தை மதிக்கின்ற உலகம், அவர் நேரத்தை மீத்துக் கொடுத்தவரை மதிக்க இன்னும் பழகவில்லை.

ஆகவே பொது ஆய்வுகூடம் நிலைப்பதற்கு மூன்று வேண்டும் என்று நான் கருதுகின்றேன். பெரியவர்க்கும் இளையவர்க்கும் ஒன்றேயான முறை. கருவிக்குப் பொறுப்பான ஒருவர். அவர் நாளைய சம்பளத்தைப் பற்றி அஞ்சாது உழைக்கத்தக்க நிலை. இம்மூன்றுள் முதலாவதும் இரண்டாவதும் செலவின்றி ஆகக்கூடியவை. மூன்றாவதே அரசாங்கங்களுக்குக் கசப்பானது. புதிய இயந்திரத்துக்கு நாடா வெட்டித் திறப்பு விழா நடத்தலாம். பழைய உதவியாளர் ஒருவரின் சம்பளத்துக்கு விழா நடத்துவார் எவருமிலர்.

நேயர்களே, பிறநாட்டுக் கூடங்களைப் பற்றிப் பேசுகின்ற எனக்கு என் சொந்தக் குற்றத்தையும் சொல்லும் கடமை உண்டு. நான் அதிபராகப் பொறுப்பேற்ற முதற் பாடசாலையில் இரண்டு நுணுக்குக்காட்டிகள் இருந்தன. ஆண்டுதோறும் பொருட்கணக்கெடுப்புக்கு உத்தியோகத்தர் வருவார்; உடைந்தால் நான் விடை சொல்ல வேண்டும். ஆகவே அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை என் மேசை லாச்சியில் வைத்துக்கொண்டேன். ஒரு மாணவி, வெங்காயத் தோலை அதிலே வைத்துப் பார்க்க வேண்டுமென்று இரண்டு மூன்று முறை கேட்டாள். பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் என்றேன். பரீட்சை முடிந்தது, அவளும் பாடசாலையை விட்டுப் போனாள். அடுத்த மாரி கழிந்து அலுமாரியைத் திறந்தபோது, வில்லைகளின் மேலே பூஞ்சணம் சிலந்திவலை போலப் படர்ந்திருந்தது. கணக்கெடுப்பிலே இரண்டு என்று எழுதினார்கள். கணக்குச் சரியாகவே இருந்தது.

அந்த இரண்டு வில்லைகளைப் போலவே அச்சிறுமியின் விருப்பமும் என் லாச்சியிலே பூட்டப்பட்டுக் கெட்டது என்பதை நான் பின்னரே உணர்ந்தேன். அதன் பிறகு பொறுப்பேற்ற பாடசாலைகளில் திறப்பை ஆய்வுகூட உதவியாளரிடம் கொடுத்தேன். எடுப்பவர் பெயரும் நேரமும் எழுத ஒரு கொப்பி வைத்தேன். மாரிக்காலத்தில் ஈரம் பிடிக்காதிருக்க, அலுமாரிக்குள்ளே ஒரு சிறு மின்குமிழ் எரிய விட்டோம். ஒரு கண்ணாடித் தட்டு உடைந்ததும் உண்டு. ஒரு தடவை பொருள்வில்லையொன்று கீறுப்பட்டதும் உண்டு. அவற்றுக்கு நான் விடை எழுதினேன். அவ்விடை எழுதுவது, முன்னைய பாடசாலையிலே சரியாயிருந்த கணக்கிலும் எனக்கு இலகுவாயிருந்தது.

பல்கலைக்கழகத்துப் பெரிய கருவிக்கும் பாடசாலையின் சிறிய கருவிக்கும் விலையிலே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு; பேணும் முறையிலே வேறுபாடு இல்லை. பயன்படுத்தினால் தேயும், பூட்டினால் கெடும். தேய்வதற்குப் பரிகாரம் உண்டு: சேறு வாருவது போலக் காலந்தோறும் செப்பனிடலாம். எனவே, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களும் அதிபர்களும் நாளைக் காலையிலே தத்தம் ஆய்வுகூட அலுமாரியை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாயின், இப்பேச்சுக்குப் பயன் கிடைத்ததாகக் கொள்வேன். அருகருகே உள்ள இரண்டு மூன்று பாடசாலைகள் தம்மிடம் உள்ள கருவிகளைப் பட்டியலிட்டு, இன்ன நாள் இன்ன பாடசாலைக்கு என்று முறை வகுத்துக்கொண்டால், ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் கிடைக்கும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளையின் கண் சற்றே மாறி நிற்குமாயின், வளரட்டும் என்று காத்திராதீர்கள். கண் வைத்தியரிடம் காட்டுங்கள். பால்ரிமோரிலே பொதுவில் வைக்கப்பட்ட ஒரு கருவியினால் தொடங்கிய ஆராய்ச்சி, அந்தக் காலக்கெடுவை நமக்கு அறிவித்திருக்கின்றது.